பறவைகளைக் கலைக்காமல் பார்ப்போம்



தோட்டத்தில் மாடு மேயும் பக்கம் போனால் வெள்ளைக் கொக்குகள் கூடவே நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். மாடு புல்லை மிதிக்கும்போது துள்ளி எழும் வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்னத்தான் அவை பின்னாலேயே வருகின்றன. மாடு இல்லாத தோட்டங்களில் புல் வெட்டும் இயந்திரத்தின் பின்னால் போகும். இதற்கு உண்ணிக்கொக்கு என்று பெயர். பங்குனி மாதம் வந்துவிட்டால் இதே கொக்கின் தலையிலும் கழுத்திலும் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் நிறம் ஏறும். பிறகு ஒரு நாள் காணாமற் போய்விடும். "கொக்கு எல்லாம் எங்கே போயிற்று?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நம் நாட்டுக்கு வரும் உண்ணிக்கொக்குகளில் பெரும்பாலானவை வடக்கே போய்விடுகின்றன. அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் திரும்பவும் நம் மாட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பறவை பார்ப்பது என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் முடியாது என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரியல்ல. விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிற மக்களுக்குப் பறவைகளை நன்றாகத் தெரியும். பெயர்தான் தெரியாது. அதைவிட முக்கியமாக, பறவையை அதற்குத் தொல்லை தராமல் பார்ப்பது எப்படி என்பதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சிலாங்கூரில் இருப்பவர்கள் ஒரு நாள் போய் வரக்கூடிய இடம் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாக வடக்கே போனால் கோலசிலாங்கூர் பட்டணம் வரும். அங்கே புக்கிட் மலாவத்தி என்ற சிறு குன்று இருக்கிறது. 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை அதன் மேல்தான் இருந்தது. இப்போது பழைய பீரங்கிகளையும் கலங்கரை விளக்கத்தையும் பார்க்கலாம். குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது பூங்கா. மாநில அரசும் மலாயா இயற்கைக் கழகமும் சேர்ந்து 1987இல் இதை ஏற்படுத்தின. 1940இல் தொடங்கிய அந்தக் கழகத்தைத்தான் இன்று மலேசிய இயற்கைக் கழகம் என்கிறோம்.

பூங்காவின் அமைப்பைக் கொஞ்சம் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். முதலில் மரங்கள் அடர்ந்த பகுதி. அடுத்து, கடல்நீரும் மழைநீரும் கலந்த ஓர் ஏரி. அதன் கரையில் மறைந்திருந்து பார்ப்பதற்குக் குடில்களும் கோபுரங்களும் கட்டினார்கள். அதற்கு அப்பால் உயரமான மண்கரை. கரைக்கு அந்தப்புறம் பாக்காவ் மரங்கள் நிற்கும் சதுப்புக் காடு, பிறகு சேற்றுவெளி, பிறகு கடல். போவதற்கு முன் எந்தெந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். சதுப்பு நிலத்தில் பலகைப் பாதைகள் சீக்கிரம் பழுதாகிவிடும்.

பெரும்பாலோர் குன்றின் மேலேயே நின்றுவிடுகிறார்கள். காரணம், குரங்கு. மலாய்க்காரர்கள் லோத்தோங் என்று சொல்லும் சாம்பல் நிற இலைக்குரங்கு அங்கே கூட்டமாக இருக்கும். தாய் சாம்பல் நிறம், மடியில் இருக்கும் குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். முதல் தடவை பார்ப்பவர்கள், வேறு இனத்துக் குட்டியைத் தூக்கி வந்துவிட்டதோ என்று நினைப்பார்கள். சில மாதங்களில் குட்டியும் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். இந்தக் குரங்கின் வயிறு மாட்டின் வயிற்றைப்போல் பல அறைகள் கொண்டது. இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும் வயிறு அது. ரொட்டியும் கடலையும் அதற்கு ஏற்ற உணவல்ல. பிள்ளைகள் கையில் கச்சான் பொட்டலம் கொடுத்துக் குரங்குக்குப் போடச் சொல்லும் பெற்றோர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் கீழே இறங்குவோம். பறவைகள் அங்கேதான்.

இறங்குவதற்கு முன் நிலவைப் பற்றிப் பேச வேண்டும். பறவைக்கும் நிலவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடல்நீர் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் மறு ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். ஆகவே இன்று காலை 8 மணிக்கு நீர் நிறைந்திருந்தால் நாளைக்கு 8:50 வாக்கில்தான் நிறையும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் நீர் மிக உயரமாக ஏறும், மிகக் கீழாகவும் வடியும். மீன் பிடிக்கப் போகும் நம் ஆட்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

நீர் வடிந்ததும் சேற்றுவெளி கிலோமீட்டர் கணக்கில் வெளிப்படும். அந்தச் சேறுதான் பறவைகளின் சாப்பாட்டு மேசை. புழு, சிறு நண்டு, நத்தை, சிப்பி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்நேரம் பறவைகள் தொலைவில், நீரின் ஓரத்தில், எறும்புகளைப்போல் தெரியும். எந்தக் கருவி இருந்தாலும் சரியாகப் பார்க்க முடியாது. நீர் ஏற ஏற அவை கரையை நோக்கித் தள்ளப்படுகின்றன. நீர் நிறைந்ததும் சேறு முழுவதும் மூடிவிடும். உண்ண இடமில்லை. நிற்கவும் இடமில்லை. அப்போதுதான் அவை மண்கரைக்கு இந்தப்புறம் உள்ள ஏரிப் பக்கம் வந்து, கும்பலாக நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கும். நமக்கு நன்றாகக் கண்ணில் படும் நேரம் அவற்றின் தூக்க நேரம் என்பதை மறக்கக் கூடாது. எனவே நீர் நிறைவதற்கு ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு முன்பே போய் மறைவிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். பறவை நம்மைத் தேடி வரும். நாம் அதைத் தேடிப் போனால் அது எழுந்து ஓடும்.

வருகிறவை எவை? உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி, மூக்கன், கோட்டான் என்று பல இனங்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இவற்றைப் பார்க்கலாம். முதலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். சோர்ந்துவிடாதீர்கள். நிறத்தை விட்டுவிட்டு அலகைப் பாருங்கள். தோட்டத்தில் செம்பனைக் குலை அறுப்பவர்கள் மரம் குட்டையாக இருந்தால் உளியால் குத்தி எடுக்கிறார்கள். மரம் வளர்ந்துவிட்டால் நீண்ட கம்பில் வளைந்த அரிவாளைக் கட்டுகிறார்கள். ஒரே வேலைதான், உயரத்துக்கு ஏற்றபடி கருவி மாறுகிறது. சேற்றிலும் அப்படித்தான், ஆழத்துக்கு ஏற்றபடி அலகு. உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு. அது கண்ணால் பார்த்து, நாலடி ஓடி, சட்டென்று நின்று, மேல்மட்டத்தில் இருப்பதைக் கொத்தும். பவளக்காலிக்கு நடுத்தர அலகு. அதன் கால்கள் சிவந்திருப்பதால் எளிதில் அடையாளம் தெரியும். கோட்டானுக்கோ குலை அறுக்கும் அரிவாளைப்போலவே நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு. வளைக்குள் ஒளிந்திருக்கும் நண்டை அது துழாவி எடுத்துவிடும். இந்தப் பறவைகளில் பலவற்றுக்கு அலகின் நுனியில் தொட்டுணரும் ஆற்றல் உண்டு. சேற்றுக்குள் கண் தெரியாது. நுனியால் தடவிப் பார்த்தே இரையைக் கண்டுபிடிக்கின்றன.

வருவதோ நெடுந்தொலைவு. சைபீரியாவிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, கிழக்காசியக் கரை வழியாக இறங்கி வருகின்றன. சில இங்கேயே தங்கும். சில ஆஸ்திரேலியா வரை போகும். பட்டைவால் மூக்கன் என்ற பறவையைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். நம் சிலாங்கூர்க் கரைக்கும் இந்த இனம் வருவதுண்டு. 2007ஆம் ஆண்டில் இந்த இனத்துப் பெண் பறவை ஒன்றின் உடலில் சிறு கருவியைப் பொருத்தி விண்கோள் வழியாகக் கவனித்தார்கள். அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்து வரை, பசிபிக் கடலுக்கு மேலே, எங்கும் இறங்காமல் அது பறந்தது. தொலைவு 11,600 கிலோமீட்டருக்கும் அதிகம். எடுத்துக்கொண்ட நேரம் சுமார் எட்டு நாள். 2022இல் அதே இனத்தைச் சேர்ந்த இளம் பறவை ஒன்று, பிறந்து ஐந்து மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து தாஸ்மானியாவுக்கு 13,560 கிலோமீட்டரைப் பதினொரு நாளில் கடந்தது. நடுவில் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, இறங்கி உட்கார இடமும் இல்லை. அது வாத்தைப்போல் நீரில் மிதக்கும் பறவை அன்று.

எப்படி முடிகிறது? கிளம்புவதற்கு முன் உண்டு உண்டு கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. கிளம்பும்போது அதன் எடையில் பாதிக்குமேல் கொழுப்பு. கூடுதல் சுமை வேண்டாம் என்று அதன் குடலும் இரைப்பையும்கூடச் சுருங்கிவிடுகின்றன. வழியில் எரிக்க அந்தக் கொழுப்பு ஒன்றுதான் உண்டு. நம் ஆட்கள் லாரிக்கு எண்ணெய் கணக்குப் பார்ப்பதுபோல, அந்தக் கொழுப்பில் வீணாகும் ஒவ்வொரு சிட்டிகைக்கும் கணக்கு இருக்கிறது.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துச் சென்றேன். துணைக்குச் சில பெற்றோர்களும், ஒரு மாணவியின் பாட்டியும் வந்தார்கள். பாட்டி நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். எங்கள் அதிர்ஷ்டம், நீர் நிறைந்த நேரம். ஏரியில் நூற்றைம்பது பவளக்காலிகள் இருக்கும், ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தன. நான் கைப்பேசியில் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்தேன். எல்லாம் நிற்கிற படம். பறக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், பள்ளிச் சுவரில் பெரிதாக ஒட்டலாம் என்று ஆசை வந்துவிட்டது. கையைத் தட்டினேன். பிள்ளைகளும் கூடச் சேர்ந்து தட்டினார்கள்.

கூட்டம் முழுவதும் ஒரே சத்தத்துடன் எழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிறகில் வெள்ளைப் பட்டை மின்ன, இடப்பக்கம் திரும்பி வலப்பக்கம் திரும்பி, ஏரியைச் சுற்றின. இறங்கப் பார்த்தன. பிள்ளைகள் உற்சாகத்தில் குதித்ததைப் பார்த்து மறுபடியும் மேலே ஏறின. இன்னொரு சுற்று. பிறகு மண்கரைக்கு மேலாகக் கடல் பக்கம் போய்விட்டன. கடல் பக்கம் அந்நேரம் ஒரு பிடிச் சேறு கிடையாது. எல்லாம் தண்ணீர்.

பாட்டி என் பக்கத்தில் வந்து சொன்னார்: "ஏன் வாத்தியாரே, தூங்குறத எதுக்கு எழுப்பி விட்டீங்க? பாவம், நைட்டு எல்லாம் தீனி தேடியிருக்கும்ல."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. படத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறக் கோடுகள் தவிர ஒன்றுமில்லை. அதைவிடப் பாட்டி சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் பறவைகளுக்குப் பகல் இரவு என்ற கணக்கு இல்லை. நீர் வடிந்தால் நடுச்சாமத்திலும் இரை தேடும். நீர் நிறைந்திருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரந்தான் ஓய்வு. அதில் ஒருவர் வந்து கை தட்டினால் ஒரு தடவை. அடுத்தவர் வந்து கல் எறிந்தால் இரண்டு தடவை. விடுமுறை நாளில் ஒரே காலையில் எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அது எரிப்பது வடக்கே போவதற்காகச் சேர்த்த கொழுப்பு. மார்ச் மாதத்தில் எடை போதாமல் கிளம்பும் பறவை வழியில் விழும், அல்லது பிந்திப் போய்ச் சேர்ந்து அந்த ஆண்டு குஞ்சு பொரிக்காது. என் கைத்தட்டலால் ஒரு பறவை செத்தது என்று சொல்ல முடியாது. சாகவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

அவற்றுக்கு இறங்க இடம் குறைந்துகொண்டு வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழியில் மஞ்சள் கடலின் கரைகளில்தான் இவை இறங்கித் தீனி எடுக்கும். ஐம்பது ஆண்டுக் காலத்தில் அங்கிருந்த சேற்றுவெளியில் மூன்றில் இரண்டு பங்கு வரை அழிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் மண் போட்டு மேடாக்கிவிட்டார்கள். மீதமுள்ளவற்றில் சில பகுதிகளைச் சீனாவில் 2019இலும் கொரியாவில் 2021இலும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தார்கள் என்பது ஓர் ஆறுதல். நம் பக்கத்திலும் கதை வேறல்ல. காப்பாரில் நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் ஆயிரக்கணக்கான கரைப் பறவைகள் ஒதுங்கியதைப் பறவை ஆர்வலர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நீர் ஏறும்போது நிற்க வேறு இடம் கிடைக்காத பறவைக்குச் சாம்பல் குளமும் வீடுதான்.

சரி, கலைக்காமல் பார்ப்பது எப்படி? பறவை முதலிலேயே நமக்குச் சொல்லிவிடும். தூங்கும் பறவை அலகை வெளியே எடுத்தால், நம்மைக் கவனித்துவிட்டது என்று பொருள். கழுத்தை நீட்டி நிமிர்ந்தால், நாம் அதிகம் நெருங்கிவிட்டோம். கூட்டத்தில் ஒன்றிரண்டு தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் அடுத்த நொடி எழுந்துவிடும். முதல் அடையாளத்திலேயே நின்றுவிடுங்கள். முடிந்தால் உட்கார்ந்துவிடுங்கள். நிற்கும் மனிதனைவிட உட்கார்ந்த மனிதனுக்குப் பறவை குறைவாகத்தான் பயப்படும். கைவீசுவதும் விரல் நீட்டுவதும் பேச்சைவிட அதிகமாகப் பயமுறுத்தும். சட்டையும் பச்சை, பழுப்பு என்று மங்கலான நிறமாக இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு வெளியூர் என்றால் பளபளப்பான சிவப்புச் சட்டைதான் போட்டுவிடுவோம். அதை அன்று ஒரு நாள் தள்ளி வைக்கலாம்.

தொலைநோக்கி வாங்க வசதியிருந்தால், அதன் மேல் 8 பெருக்கல் 42 என்பதுபோல் இரண்டு எண் போட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். மடங்கு அதிகமானால் நல்லது என்று பன்னிரண்டு, பதினாறு என்று வாங்கிவிடாதீர்கள். கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். எட்டு போதும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டாலும் காரியம் நடக்கும்.

படம் எடுப்பதற்குப் பெரிய கேமரா இல்லையே என்று வருந்த வேண்டாம். கைப்பேசியின் கண்ணைத் தொலைநோக்கியின் ஒரு கண்ணில் ஒட்டினாற்போல் வைத்துப் படம் எடுக்கலாம். முதலில் கறுப்பு வட்டந்தான் தெரியும். கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினால் பறவை வந்துவிடும். முழங்கையைக் கம்பத்திலோ சுவரிலோ முட்டுக்கொடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் வெளிச்சம் மென்மையாக இருக்கும், அதற்குப் பிறகு சேற்றுவெளியில் வெப்பம் கானல்போல் ஆடிப் படத்தைக் கலைத்துவிடும். கொக்கைப் படம் எடுத்தால் வெறும் வெள்ளைக் காகிதம் வெட்டி ஒட்டியதுபோல் வரும், இறகு ஒன்றும் தெரியாது. திரையில் கொக்கின் மேல் விரல் வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு எடுங்கள். என் தந்தை காலத்தில் ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படம். ஒவ்வொன்றையும் காசு கொடுத்துக் கழுவ வேண்டும். அதனால் அவர்கள் காத்திருந்தார்கள். இன்று கைப்பேசியில் படத்துக்குக் காசில்லை, ஆகவே யாரும் காத்திருப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் பழைய காலமே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

செய்யக் கூடாதவற்றில் ஒன்றிரண்டு. கூட்டைப் படம் எடுக்கப் போக வேண்டாம். நாம் கிளையை ஒதுக்கிவிட்டுப் போன வழியில் காகமும் உடும்பும் வரும். பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது இரையை விட்டுவிட்டு அலைந்து திரியும். இரவில் பக்கத்திலுள்ள கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகிறவர்கள் கைப்பேசி வெளிச்சத்தைப் போடவே கூடாது. ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் அவை மின்னுவது ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்வதற்காக.

லாஸ்டிக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கவட்டைக் கம்பில் ரப்பர் கட்டிப் பறவை அடிக்காத தோட்டத்துப் பையன் அந்தக் காலத்தில் இல்லை. நானும் அடித்திருக்கிறேன். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெரும்பாலான பறவைகளை அடிப்பதும் பிடிப்பதும் குற்றம், தண்டனையும் கடுமை. பையன்களை அதட்டுவதால் பயனில்லை. குறி பார்க்கும் கண் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. லாஸ்டிக்குக்குப் பதில் கையில் கைப்பேசியைக் கொடுத்து, அந்தக் கானாங்கோழி தலையைத் தூக்காமல் எத்தனை அடி வரை நெருங்க முடிகிறது பார் என்று அனுப்பிவிடுங்கள். மலாய்க்காரர்கள் ருவாக் ருவாக் என்று சொல்வது அதைத்தான். அதை நெருங்கத் தெரிந்தவன் எதையும் நெருங்குவான்.

பாட்டியிடம் அன்று நாங்கள் இன்னொன்றும் கற்றுக்கொண்டோம். திரும்பும் வழியில் பாக்காவ் மரங்களின் அடியில் நின்று, சேற்றில் துள்ளும் மீன்களையும், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீர்நாய் வருமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வரவில்லை. அப்போது பாட்டி, பால்மரம் வெட்டிய நாளில் விடியற்காலை நாலரை மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது இருட்டில் 'டொக், டொக், டொக்' என்று ஒன்று தட்டிக்கொண்டே இருக்கும் என்றார். "பேய் மரம் வெட்டுதுன்னு சொல்லுவாங்க. எனக்குப் பயமில்ல. அது நிறுத்திச்சுன்னா விடியப் போவுதுன்னு அர்த்தம்." அது பக்கி என்ற பறவை. மலாய்க்காரர்கள் அதைப் புதைகுழி வெட்டுபவன் என்ற பொருளில் துக்காங் கூபூர் என்கிறார்கள். தரையில் காய்ந்த இலைமேல் உட்கார்ந்தால் இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இருட்டில் பூச்சி பிடித்துத் தின்பதுதான் அதன் வேலை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பறவையைக் காதால் பார்க்கலாம் என்பது பாடப் புத்தகத்தில் இல்லை.

பார்த்ததை எழுதி வையுங்கள். நாள், மணி, நீர் ஏற்றமா வடிதலா, வானிலை, எந்தப் பறவை, எத்தனை. பெயர் தெரியாவிட்டால் அலகின் படத்தை வரைந்தால் போதும். எண்ணிக்கை முக்கியம். கூட்டத்தில் பத்துப் பறவைகளை முதலில் எண்ணிக்கொண்டு, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, அதுபோல் எத்தனை பத்து என்று எண்ண வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று 1987இல் தொடங்கி, ஆண்டுதோறும் ஜனவரியில் பல நாடுகளில் நடந்து வருகிறது. அதில் எண்ணுபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத சாதாரண ஆட்கள். காலைப் பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டு, யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பது போன்ற வேலைதான். ஆண்டுதோறும் குறித்தால்தான் யார் வராமற் போனார் என்பது தெரியும். பால் நாரை என்ற பெரிய வெள்ளைப் பறவை நம் மேற்குக் கரையில் அருகிவிட்டது இப்படி எண்ணித்தான் தெரிந்தது. தேசிய மிருகக்காட்சிச் சாலையில் வளர்த்த பால் நாரைகளைக் கோலசிலாங்கூரில் கொண்டுவந்து விடும் முயற்சியும் நடந்தது.

அன்று நாங்கள் கிளம்பும் முன், நான் கேட்டுக்கொண்டபடி பிள்ளைகள் ஏரிக்கரைக் குடிலில் போய் ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். முப்பது பிள்ளைகளை வைத்து இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். நீர் வடியத் தொடங்கியிருந்தது. கடல் பக்கத்திலிருந்து பவளக்காலிகள் வந்தன. நான்கு, பிறகு ஏழு, பிறகு ஒரு பெரிய கூட்டம். பாட்டியின் பேத்தி விரல்விட்டு எண்ணி நோட்டில் எழுதினாள்: 'அறுபத்திரண்டு. மத்தது வரலை.'

அந்த நோட்டு இப்போதும் எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கிறது. அதன் பின்பக்கங்களில் பிள்ளைகள் நம் தோட்டத்து உண்ணிக்கொக்குகளையும் குறிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் கடைசிக் குறிப்பு ஏப்ரல் 9, மாலை 6 மணி, மாட்டுத் தொழுவத்துப் பக்கம், மஞ்சள் தலையுடன் எட்டுக் கொக்குகள் என்று இருக்கிறது. மறுநாளுக்கு எதிரே சுழி போட்டிருக்கிறது.